மெக்கிண்டர் மறுபதிப்பு: வரைபடம் இருக்குதுங்களான்னு கேட்டு வாங்குங்க

பிரிட்டிஷ் புவியியலாளர் ஹால்ஃபோர்டு மெக்கிண்டர் 1919-ல் எழுதிய 'டெமாக்ரடிக் ஐடியல்ஸ் அண்ட் ரியாலிட்டி' நூலுக்கு, ஆர்டர் வந்தபின் அச்சடித்து அனுப்பும் மலிவுப் பதிப்பு ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது. குடிமைப்பணித் தேர்வில் புவியியலை விருப்பப் பாடமாக எடுக்கும் கோவை, ஈரோடு மாணவர்களுக்கு இது தேவைப்படுகிற நூல்தான். ஆனால் இந்தப் பதிப்பை வாங்க வேண்டாம்.

முதல் காரணம், வரைபடங்கள். 'படம் பார்க்க' என்று வரிகளில் வருகிறது. படம் எங்கும் இல்லை. பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து, எழுத்தை மட்டும் மென்பொருளால் உருவி எடுத்திருக்கிறார்கள். அதனால் அடிக்குறிப்பு நடு வாக்கியத்தில் வந்து உட்காருகிறது, பக்கத் தலைப்பு பத்திக்குள் நுழைகிறது. எழுத்துப் பிழையைச் சகித்துக்கொண்டு படித்துவிடலாம். வரைபடம் இல்லாமல் மெக்கிண்டரைப் படிக்கவே முடியாது, ஏனென்றால் அவர் வாதத்தின் பாதி கோடுகளில்தான் இருக்கிறது.

1904 ஜனவரி 25-ல் லண்டன் ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டியில் அவர் வாசித்த கட்டுரையில் 'பிவட் ஏரியா', அதாவது உலக அரசியலின் அச்சுப் பகுதி, என்று ஓர் இடத்தைக் குறித்தார். ஆறுகள் ஆர்க்டிக் கடலுக்கோ, காஸ்பியன், ஆரல் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளுக்கோ போய்ச் சேரும் யூரேசிய உள்நிலம் அது. கடலில் இருந்து போர்க்கப்பல் அங்கே ஏறிவர முடியாது. எல்லையை வகுத்ததே நீர்வடிகால்தான். பொள்ளாச்சிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம்: நொய்யல் கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்கிறது, ஆழியாறோ மேற்கே திரும்பிப் பாரதப்புழைக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு இழுத்தால் அதுதான் நீர்ப்பிரிமுகடு. பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்துக்கு இரு மாநில ஒப்பந்தம் ஏன் தேவைப்பட்டது என்பதும் அந்தக் கோட்டிலேயே தெரியும். யூரேசியாவுக்கு இதே வேலையைச் செய்தவர் மெக்கிண்டர்.

1919 நூலில் அதே பகுதிக்கு 'ஹார்ட்லேண்ட்' (இதயநிலம்) என்ற சொல் முன்னுக்கு வந்தது. எல்லையும் மேற்கே விரிந்து பால்டிக், கருங்கடல் வடிநிலங்களைச் சேர்த்துக்கொண்டது. பாரிஸ் அமைதி மாநாட்டுக் காலத்தில், ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் இடையே தனி நாடுகள் வரிசையாக நிற்க வேண்டும் என்று வாதாடும்போது அவர் செய்த மாற்றம் இது. இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் மாற்றம் கண்ணில் படும். மாணவர்கள் பரீட்சையில் அதிகம் குழப்பிக்கொள்வதும் இந்த இடத்தில்தான்.

பின்னட்டைக் குறிப்பு இன்னும் மோசம். அவரை 'லிபரல் எம்.பி., லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ் நிறுவனர்' என்கிறது. இரண்டுமே தவறு. 1900-ல் லிபரலாக நின்று தோற்றார். இறக்குமதி வரிப் பிரச்சினையில் 1903-ல் கட்சி மாறினார். 1910-ல் யூனியனிஸ்டாக (கன்சர்வேடிவ் அணி) கிளாஸ்கோ கேம்லாக்கி தொகுதியில் வென்று 1922 வரை இருந்தார். அந்தக் கல்லூரிக்கு அவர் இரண்டாவது இயக்குநர், 1903 முதல் 1908 வரை. 1887-ல் ஆக்ஸ்ஃபோர்டில் புவியியல் ரீடராக (மூத்த ஆசிரியர் பதவி) நியமிக்கப்பட்டதும், 1899-ல் ஒல்லியே, புரோஷெரல் என்ற இரு மலை வழிகாட்டிகளுடன் கென்யா மலையின் உச்சியை முதன்முதலாக எட்டியதும் குறிப்பில் இல்லவே இல்லை. அரசியலுக்கு வரும் முன்பே தன் துறையை நிலைநாட்டியவர் என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டாமா?

மாற்று வழி உண்டு. மெக்கிண்டர் இறந்தது 1947. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிகிறது; 2008 முதல் அவர் எழுத்து இங்கே பொதுச் சொத்து. படங்களோடு கூடிய முழு ஸ்கேன் பிரதியை இறக்கி, உள்ளூர் ஜெராக்ஸ் கடையிலேயே நல்ல புத்தகமாக்கலாம்.

ஸ்கேன் 300 டிபிஐ-க்குக் (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல், சாம்பல் நிறச் சாயல்களும் பதியும் கிரேஸ்கேலில் இருக்கட்டும். வெறும் கறுப்பு-வெள்ளை ஸ்கேனில் வரைபடத்தின் நெருக்கமான சாய்கோடுகள் ஒட்டிப்போய்க் கறுப்புத் திட்டாகிவிடும், பிவட் ஏரியாவைச் சுற்றி அவர் காட்டும் பிறை வடிவப் பகுதிகளில் எது உள்பிறை எது வெளிப்பிறை என்றே தெரியாது. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ தாள் போதும். 70-ல் பின்பக்கத்து எழுத்து படத்தினூடே தெரியும். வெறும் கோந்து பைண்டிங் வேண்டாம். இரண்டு பக்கத்துக்கு விரியும் படத்தைப் பார்க்க அழுத்திப் பிரித்தால் முதுகு உடைந்து தாள் கழன்றுவிடும். 16 பக்கப் பாரமாக, அதாவது 16 பக்கம் கொண்ட மடிப்புக் கட்டுகளாக, மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். தைக்க ஆள் இல்லாத கடையென்றால் ஸ்பைரல் போடலாம், அப்போது உள்ஓரம் 20 மி.மீ. விட வேண்டும்.

1904 கட்டுரை 17 பக்கம்தான், தொடர்ந்து வரும் விவாதம் தனி. அதையும் பின்னிணைப்பாகச் சேர்த்துத் தைத்துவிடுங்கள். அதன் கடைசிப் படம், முட்டை வடிவ உலக வரைபடம், மட்டும் தனியாக ஏ3 தாளில் ஒரு பிரதி வேண்டும். அதன்மேல் டிரேசிங் பேப்பர் வைத்து 1919 எல்லையைச் சிவப்புப் பென்சிலில் வரையலாம்.