நாலுக்கு நாலா, ஏழுக்கு ஏழா?

அமெரிக்காவில் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கால்பந்தில் அணிக்கு 4 பேர்தான். கோல்கீப்பரும் இல்லை, ஆஃப்சைடும் (எதிரணியின் கோல் பக்கம் முன்கூட்டியே போய் நின்று பந்து வாங்கக் கூடாது என்கிற விதி) இல்லை. பந்து 3ஆம் எண் அளவு (எண் கூடினால் பந்து பெரிது), கோல் அதிகபட்சம் 4 அடி உயரம், 6 அடி அகலம். பத்து வயதுக்குட்பட்டவர்கள் என்றால் 7 பேர், 4ஆம் எண் பந்து, கீப்பர் உண்டு.

நாலு பேர் ஆட்டம் வெல்லக்கட்டியை எறும்பு மொய்க்கிற கதைதான். 'தள்ளித் தள்ளி நில்லுங்க' என்று கத்திப் பயனில்லை. ஆனால் ஒவ்வொரு காலிலும் பந்து அடிக்கடி படும். அந்த வயதுக்கு அதுதான் வேண்டும்.

ஏழு பேர் ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது 'பில்ட்-அவுட்' கோடு, அதாவது கோலுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே போடும் கோடு. கீப்பர் கைக்குப் பந்து வந்ததும் எதிரணி அந்தக் கோட்டுக்குப் பின்னால் போய்விட வேண்டும். கீப்பரும் கையிலிருந்து பந்தை விட்டு ஓங்கி உதைக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவருக்கு உருட்டியோ எறிந்தோ கொடுக்கலாம். பயந்து தூக்கியடிக்காமல் பாஸ் கொடுத்து முன்னேறப் பழகுவது இங்கேதான்.

தலையால் முட்டுவது இரண்டிலும் தடை. வேண்டுமென்றே முட்டினால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (நேராக கோல் போட முடியாத, இன்னொருவர் தொட்ட பிறகே கோல் செல்லுபடியாகும் உதை).

ஆறு வயதுப் பொடியனை ஏழு பேர் ஆட்டத்தில் இறக்கினால் பாதி நேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருப்பான். ஒன்பது வயதில் மாற்றினால் போதும்.