சாதா உப்பா, சோடியம் குறைந்த உப்பா?

2017இல் உலகெங்கும் சுமார் 1.1 கோடி மரணங்களுக்கு தவறான உணவுப்பழக்கமே காரணம் என்கிறது அனைத்துலக ஆய்வு. அதில் அதிக உப்பின் பங்கு சுமார் 30 லட்சம். சிங்கப்பூர்க் கடைகளில் இப்போது சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசியம் கலந்த உப்பும் கிடைக்கிறது. எதை வாங்குவது?

சோடியம்: சாதா உப்பு ஒரு தேக்கரண்டியில் (5 கிராம்) சுமார் 2,000 மில்லிகிராம், ஒருநாள் வரம்பே அவ்வளவுதான். கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்ததில் சுமார் 1,500.

விலை: சாதா உப்பே மலிவு.

ருசி: சாம்பார், மீன்குழம்பில் புளியும் மிளகாயும் வித்தியாசத்தை மறைத்துவிடும். மோர், தெளிவான ரசத்தில் லேசான கசப்பு எட்டிப்பார்க்கும். உப்புக் குறைகிறதென்று இன்னொரு சிட்டிகை போட்டால் மிச்சப்படுத்திய சோடியம் திரும்பிவிடும். பலர் தவறுவது இங்கேதான்.

பலன்: சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்த சோதனையில், இதே கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலவையைப் பயன்படுத்தியோருக்குச் சாதா உப்பு பயன்படுத்தியோரைவிடப் பக்கவாதம் 14% குறைந்தது.

ஆபத்து: சிறுநீரக நோயாளிகளுக்கும், லோசார்ட்டான், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற இரத்த அழுத்த, இதய மருந்து எடுப்போருக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு குலையலாம். மருத்துவரைக் கேட்காமல் மாற்றவேண்டாம்.

இரத்த அழுத்தம் இருந்தாலும் சிறுநீரகம் நன்றாக இருந்து, மேற்சொன்ன மருந்துகளை யாரும் எடுக்காத வீட்டுக்குக் குறைந்த சோடியம் உப்பு. ஊறுகாய்க்குச் சாதா உப்பே. மூன்று வேளையும் உணவங்காடியில் சாப்பிடுபவருக்கு இரண்டும் ஒன்றுதான். அவர் பரோட்டாவுக்குக் குழம்பைக் குறைத்து ஊற்றச் சொன்னாலே போதிய லாபம்.