இ-ரீடரும் தமிழ் நாவலும்: அகராதிதான் உதைக்கிறது

மின்னூல் படிக்கும் கருவியான இ-ரீடர் விலை இறங்கியிருக்கிறதே, தமிழ் நாவல் படிக்க வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். திரை, பேட்டரி பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வெயிலில் கண் கூசாது, பையில் கனக்காது, சரி. நான் பல வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது ஒரே விஷயத்தோடு: தெரியாத சொல்.

யாழ்ப்பாணத்துக் கதை ஒன்றில் யாரோ “படலையைத் திறந்துகொண்டு” வந்தார். விரலை வைத்து அழுத்தினேன். “படலையைத்” மட்டும் கறுத்தது. பொருள் இல்லை என்று ஒரு பெட்டி. இத்தனைக்கும் தமிழ் அகராதிக் கோப்பு ஒன்றைத் தேடிப்பிடித்து ஏற்றியிருக்கிறேன். அதில் படலை இருக்கிறது. கருவி தேடுவதோ ஐயும் தகர ஒற்றும் ஒட்டிய முழுச் சொல்லை. ஒட்டியதைக் கழற்றிப் பார்க்க அதற்குத் தெரியாது. ஆங்கிலத்தில் ‘வென்ட்’ என்பதை அழுத்தினால் மட்டும் சமர்த்தாக ‘கோ’வில் போய் நிற்கும். அங்கே ஒரு வினைக்கு நாலைந்து வடிவம். பட்டியல் போட்டு வைத்தால் தீர்ந்தது. தமிழில் வேற்றுமை, உம், ஏ, சந்தி என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். கஷ்டமான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இத்தனை வருடமா?

நாலு பக்கம் தள்ளி மாடு ஒன்று படலையை முட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடியதும், வேலியில் இருக்கும் கதவு என்று புரிந்துவிட்டது. எல்லாக் கதையிலும் மாடு வருமா?

ஆக, மேசையில் காகித அகராதிகள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (1992-ல் முதல் பதிப்பு, 2020-ல் மூன்றாவது) இலங்கை வழக்கைத் தனியாகக் குறித்தே தருகிறது. கொல்லைப்புறத்தைப் பொடக்காளி என்னும் கொங்குக் கதைக்குப் பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி, கரிசலுக்குக் கி.ரா. (எழுத்தாளர் கி. ராஜநாராயணன்) தொகுத்தது. பழஞ்சொல் என்றால் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன். நல்லவேளை, சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். கனக்காது என்று வாங்கிய கருவிக்கு இவ்வளவு பக்கவாத்தியம்!

ஒன்றை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சொல் வரும் வரியை அடிக்கோடிட்டால் புத்தகப் பெயரோடு ஒரே கோப்பில் சேர்த்துவைக்கிறது. துவர்த்து, அடியந்திரம், வெஞ்சனம், கிடுகு என்று நாஞ்சில் நாடும் கரிசலும் யாழ்ப்பாணமும் அதில் கலந்து கிடக்கின்றன. சில நாள் நாவலை விட்டுவிட்டு இந்தக் கோப்பைத்தான் படிக்கிறேன். துவர்த்து என்றால் என்ன என்று நாகர்கோவில்கார சக ஊழியரிடம் கேட்டேன். கேன்டீனிலேயே கைக்குட்டையை உதறித் தலையைத் துவட்டிக் காட்டினார், மனுஷர்.

தமிழ் நாவலுக்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல அகராதியாக இரண்டு வாங்கலாம். அப்படியானால் உன்னுடையதைச் சல்லிசாகத் தந்துவிடேன் என்றார் நண்பர். தருவதாக இல்லை.