ஹாலாங் சொகுசுக் கப்பல் பேக்கேஜ் எடுப்பவர்களுக்கு: பாக்கிப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வியட்நாம் போக அட்வான்ஸ் கட்டியிருப்பவர்கள் ஏஜென்ட் அனுப்பிய பயணத் திட்டத்தை இப்போதே திறந்து பாருங்கள். ஹாலாங் விரிகுடா இரவுக்கு ஒரு கப்பலின் பெயர் போட்டிருப்பார்கள். அதன் பின்னால் சிறிய எழுத்தில் ‘ஆர் சிமிலர்’ (or similar, அதாவது ‘அல்லது அதே போன்ற வேறொன்று’) என்று இருந்தால், நீங்கள் அந்தக் கப்பலில் ஏறப்போவதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. எங்களுக்கு நடந்தது அதுதான்.

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு வியட்ஜெட் நேரடி விமானம் விட்டதிலிருந்து, எங்கள் ஊர்ப் பக்கம் வியட்நாம் விற்காத டிராவல்ஸ் கிடையாது. சிங்கப்பூர், மலேசியா விற்றுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஹாலாங், டா நாங் என்று பேனர் மாற்றிவிட்டார்கள். 2025 பொங்கல் விடுமுறைக்கு நானும் மனைவியும் மகளும் அம்மாவும் கிளம்பினோம். ஏஜென்டைக் கண்டுபிடித்தது மனைவி பார்த்த ஒரு ரீல்ஸ் மூலம். பால்கனியில் நின்றுகொண்டு சுண்ணாம்புக்கல் மலைகளைக் காட்டி, ‘வாழ்க்கையில் ஒரு தடவையாவது இங்கே வந்திடுங்க’ என்று ஒரு பெண் சொல்வார். கீழே அந்த ஏஜென்டின் எண்ணும் தள்ளுபடிக் குறியீடும் இருந்தன. அது பணம் வாங்கிக்கொண்டு போட்ட வீடியோ என்று எங்கேயும் சொல்லவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட விளம்பர நெறிமுறைப்படி, விற்பவரோடு கொடுக்கல் வாங்கல் இருந்தால் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இலவசப் பயணம் வாங்கியிருந்தாலும் அது கொடுக்கல் வாங்கல்தான். தள்ளுபடிக் குறியீடு தெரிகிற எந்தப் பரிந்துரையையும் நான் இப்போது விளம்பரக் கணக்கில்தான் வைக்கிறேன்.

பேசி முடித்தது இது: ஐந்து நட்சத்திரக் கப்பல், மூன்றாவது தளம், தனி பால்கனி, கடலைப் பார்த்த குளியல் தொட்டி, ஹாலாங்குக்குப் பக்கத்தில் கூட்டம் குறைந்த லான் ஹா விரிகுடா வழித்தடம், அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு. ‘ஆர் சிமிலர்’ எதற்கு என்று கேட்டதற்கு, “அது ஃபார்மாலிட்டி சார், எல்லாக் கொட்டேஷன்லயும் இருக்கும், உங்களுக்கு இந்தக் கப்பல்தான் கன்ஃபர்ம்” என்றார். வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுங்கள் என்றேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. கிரெடிட் கார்டில் கட்டினால் இரண்டு சதவீதம் கூடுதல் என்று சொல்லி, வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பச் சொன்னார். இதைக் கவனியுங்கள். கார்டில் கட்டியிருந்தால், பேசிய சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க (சார்ஜ்பேக்) ஒரு வழி இருக்கும். கணக்குக்கு அனுப்பிய பணத்துக்கு அது கிடையாது. அந்த இரண்டு சதவீதம் மிக மலிவான காப்பீடு.

ஹனோயிலிருந்து ஹாலாங் விரைவுச்சாலையில் இரண்டரை மணி நேரம். நடுவில் ‘பத்து நிமிட ஓய்வு’ என்று ஒரு முத்துக் கடையில் இறக்கினார்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கடை முழுவதையும் சுற்றித்தான் போக முடியும். அங்கே முக்கால் மணி நேரம் போயிற்று. அப்புறம் துவான் சாவ் படகுத்துறை. ஏஜென்ட் அனுப்பிய பயண வவுச்சரில் இருந்த கப்பலின் பெயரைச் சொன்னதும் அங்கிருந்த பையன் தன் தாளைப் பார்த்துவிட்டு வேறொரு கப்பலின் பெயரைக் காட்டினான். நாங்கள் கேள்விப்படாத பெயர். ஏஜென்டுக்குப் போன் செய்தால், “யாகி புயல்ல அந்தக் கப்பல் டேமேஜ் சார், கடைசி நேரத்துல மாத்த வேண்டியதாயிடுச்சு, இதுவும் அதே ஸ்டாண்டர்டுதான்” என்றார்.

யாகி புயல் பொய்யில்லை. 2024 செப்டம்பர் 7 அன்று குவாங் நின், ஹை ஃபாங் பகுதியில் கரையைக் கடந்து, ஹாலாங்கில் பல படகுகளை மூழ்கடித்தது. அதனால்தான் அந்தச் சாக்கு அவ்வளவு எளிதாக எடுபட்டது. ஆனால் படகுத்துறைப் பையன் கையில் இருந்த முன்பதிவுத் தாளில் தேதி இருந்தது. எங்கள் பெயரில் அந்த மலிவான கப்பல் பதிவானது டிசம்பர் முதல் வாரத்தில். ஏஜென்ட் நல்ல கப்பலின் பெயர் போட்ட வவுச்சரை எனக்கு அனுப்பியது அதற்கும் பிறகு. தாளைப் படம் எடுத்துக்கொண்டேன். அன்று இரவே கப்பலின் மந்தமான வைஃபையில், வவுச்சரில் இருந்த கப்பலின் முன்பதிவு முகவரிக்கு மின்னஞ்சல் போட்டேன். மறுநாள் பதில் வந்தது: கப்பல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நேற்றும் புறப்பட்டது, பால்கனி அறைகள் காலியாகவே இருந்தன, உங்கள் பெயரிலோ அந்த ஏஜென்சியின் பெயரிலோ எந்தப் பதிவும் வந்ததில்லை. இரண்டு கப்பலுக்கும் தலைக்கு ஏறக்குறைய 80 டாலர் வித்தியாசம். நான்கு பேருக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிடைத்த அறையைப் பற்றி. கீழ்த்தளம், ஜெனரேட்டருக்குப் பக்கத்துச் சுவர். பால்கனி இல்லை, திறக்க முடியாத ஒரு வட்டக் கண்ணாடி மட்டும். இரவு முழுக்க டீசல் வாடை. அம்மா படுத்தபடியே “ரைஸ் மில்லுக்குள்ள படுத்த மாதிரி இருக்குடா” என்றார். குழாயில் வெந்நீர் வந்து வந்து நின்றது. ஜனவரியில் ஹாலாங் குளிரும் என்பதையும் யாரும் சொல்லவில்லை; வானம் சாம்பல் நிறம், தூறல், ஸ்வெட்டர் இல்லாமல் மேல்தளத்தில் நிற்க முடியாது. ரீல்ஸில் இருந்த நீலக் கடலும் வெயிலும் வேறு மாதத்தில் எடுத்தவை. தெளிந்த வானம் வேண்டுமென்றால் அக்டோபர், நவம்பர் நல்லது. நம் ஊர் ஏஜென்ட்டுகள் பொங்கலுக்கும் மே விடுமுறைக்கும் ஒரே படத்தைத்தான் அனுப்புகிறார்கள்.

வழித்தடமும் மாறியிருந்தது. ஹாலாங் பக்கம் குவாங் நின் மாகாணத்துக்கு உட்பட்டது, லான் ஹா பக்கம் ஹை ஃபாங் நகரத்துக்கு உட்பட்டது. 2023-இல் யுனெஸ்கோ பாரம்பரியக் களத்தைக் லான் ஹா பக்கத்துக் காட் பா தீவுக்கூட்டம் வரை நீட்டியது என்றாலும் நாங்கள் போனபோது நிர்வாகமும் படகு அனுமதியும் தனித்தனி. ஏறிய கப்பல் நினைத்தால் வழியை மாற்றிக்கொள்ள முடியாது. எங்களுடையது எல்லாரும் போகிற சுங் சோட் குகை, டி டாப் தீவு வழித்தடம். குகைக்குள் வரிசையில் நகர்ந்து நகர்ந்து போனோம், நின்று பார்க்க இடமில்லை. டி டாப் உச்சிக்கு நானூறு படி. அம்மா கீழே உட்கார்ந்துவிட்டார். படியேறும் இடம் இருக்கிறதா என்று நான் முன்பே கேட்டிருந்தேன். இல்லவே இல்லை என்று சொன்ன வாட்ஸ்அப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது.

சைவச் சாப்பாடு என்று கொடுத்தது வெள்ளைச் சோறும் வேகவைத்த முட்டைக்கோசும். அந்த முட்டைக்கோசிலும் மீன் சாஸ் வாடை. சமையல்காரரைக் கேட்டபோது, சைவப் பயணி இருப்பதாக யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றார். பாவம், அவசரமாக டோஃபு வறுத்துக் கொடுத்தார். இரவுச் சாப்பாட்டு மேசையில் வைத்த தண்ணீர் பாட்டிலுக்கும் காலையில் பில் வந்தது. இது அங்கே பொதுவான நடைமுறைதான், பெரும்பாலான கப்பல்களில் குடிபானங்கள் கட்டணத்தில் சேராது. ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்று விற்றவர்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்று: ‘இரண்டு பகல் ஒரு இரவு’ என்றால் மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் ஏறி, மறுநாள் காலை பத்தரைக்கு இறங்குவது. அதாவது ஒரு முழு நாள்கூட இல்லை. அதைத் தெரிந்துகொண்டு விலையைப் பாருங்கள். நட்சத்திரமும் அப்படித்தான். வியட்நாமின் அதிகாரபூர்வத் தரவரிசை ஐந்தோடு முடிகிறது. ‘ஆறு நட்சத்திரக் கப்பல்’ என்று யாராவது விற்றால் அது அவர்களே சூட்டிக்கொண்ட பட்டம்.

சொகுசு குறைந்துபோனதோடு விஷயம் நிற்கவில்லை. 2011 பிப்ரவரியில் டி டாப் அருகே இரவில் நங்கூரமிட்டிருந்த ஒரு சுற்றுலாப் படகு மூழ்கிப் 12 பேர் இறந்தார்கள். 2025 ஜூலை 19 அன்று திடீரென்று வந்த இடி மழையில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்தக் கப்பலில் தூங்கப்போகிறோம் என்பதை முன்கூட்டித் தெரிந்துகொண்டு விசாரிக்கும் உரிமையைத்தான் இந்த ஏஜென்ட் எங்களிடமிருந்து எடுத்துவிட்டார். காற்று, மூடுபனி என்று துறைமுக நிர்வாகம் புறப்பாட்டை நிறுத்தினால் சண்டை போடாதீர்கள். பணம் எவ்வளவு திரும்பும் என்பதை மட்டும் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே பேக்கேஜில் இருந்த டா நாங் ‘பீச் ரிசார்ட்’ கதை சின்னது. மீ கே கடற்கரையை ஒட்டி வோ நுயென் ஸாப் சாலை ஓடுகிறது. பெரும்பாலான ஓட்டல்கள் சாலைக்கு இந்தப் பக்கம், கடல் அந்தப் பக்கம். எங்கள் ஓட்டலோ சாலையிலும் இல்லை, அதற்குப் பின்னால் இரண்டாவது சந்தில். ‘பகுதி கடல் காட்சி’ என்பது ஜன்னலில் தலையை நீட்டினால் இரு கட்டடங்களுக்கு நடுவே தெரியும் ஒரு கோடு. ஜனவரியில் அங்கே அலையும் சீற்றம், குளிக்க இறங்கவில்லை. ஓட்டல் பெயரை வரைபடத்தில் போட்டுக் கடலுக்கு எத்தனை மீட்டர் நடக்க வேண்டும் என்று பாருங்கள், அது போதும்.

ஏஜென்ட் ஏற்பாடு செய்யாதவை மட்டும் நன்றாக இருந்தன என்று சொல்ல வேண்டும். ‘உள்ளூர் உணவு உலா’ என்று பணம் வாங்கிவிட்டு, மூன்று வேளையும் ஒரே வட இந்திய உணவகத்துக்குத்தான் அழைத்துப் போனார்கள். கடைசி நாள் வண்டியை அனுப்பிவிட்டு ஹனோய் பழைய நகரத்தில் நாங்களே நடந்தோம். ‘சாய்’ (Chay) என்று பலகை போட்ட கடையில் நுழையுங்கள், அது டீக்கடை இல்லை, சைவ உணவகம்; அம்மா அங்கேதான் முதல் முறையாக வயிறாரச் சாப்பிட்டார். முட்டைக் காபி குடித்தோம். 1946-இல் பால் தட்டுப்பாட்டின்போது, பாலுக்குப் பதில் முட்டை மஞ்சளை அடித்துப் போட்டு ஆரம்பித்ததாம். மகள் இரண்டு கோப்பை குடித்தாள். மீன் சாப்பிடுகிறவர்கள் ஹாலாங்கில் கணவாயை உரலில் இடித்துப் பொரிக்கும் ‘சா முக்’கைத் தவறவிடாதீர்கள், சந்தையில் சூடாகக் கிடைக்கும். சில்லறை விஷயம் ஒன்று: 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். நாங்கள் போனபோது ஒன்று அறுபத்தைந்து ரூபாய் சொச்சம், மற்றது ஆயிரத்து அறுநூறுக்கு மேல். இரண்டையும் தனித்தனிப் பையில் வையுங்கள்.

திரும்பி வந்தபின் பில் கேட்டேன். கொட்டேஷனையே மறுபடி அனுப்பினார். அதில் ஜிஎஸ்டி 5 சதவீதம், டிசிஎஸ் 5 சதவீதம் என்று தனித்தனியாகப் போட்டு வாங்கியிருந்தார். டிசிஎஸ் என்பது நம் பான் எண்ணில் அரசுக்குக் கட்ட வேண்டிய பணம், வருமான வரிக் கணக்கில் நாம் கழித்துக்கொள்ளலாம். நம் பான் எண்ணில் கட்டிய வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐப் பார்த்தேன், மார்ச் வரை ஒரு பைசா ஏறவில்லை. வெளிநாட்டுப் பேக்கேஜ் வாங்கிய எல்லாரும் இதை ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் கட்டாமல் வைத்துக்கொண்டிருந்தால், அவரிடம் பேச உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான ஆதாரம் அதுதான். நான் வருமான வரித்துறைக்கு எழுதப்போகிறேன் என்று சொன்ன வாரத்திலேயே அந்தப் பணம் என் 26ஏஎஸ்-இல் ஏறியது.

கப்பல் வித்தியாசத் தொகைக்கு மட்டும் ஏஜென்ட் வாயே திறக்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். அதன் வழியாக, அடுத்த பயணத்துக்கு 10,000 ரூபாய் வவுச்சர் தருகிறேன் என்று அவரிடமிருந்து பதில் வந்தது. மறுத்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019 சட்டப்படி, ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இணையம் வழியாகவும் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கப்பல் பெயர் போட்ட வவுச்சர், வாட்ஸ்அப் பதிவுகள், படகுத்துறைத் தாளின் படம், கப்பல்காரர்களின் மின்னஞ்சல் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.

அட்வான்ஸ் கட்டிவிட்டுப் பாக்கி கட்டாமல் இருப்பவர்கள் இன்றே செய்ய வேண்டியது: கப்பலின் பெயர், தளம், அறை வகை, வழித்தடம், புறப்படும் படகுத்துறை ஆகியவற்றை ஏஜென்டிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். கப்பல் தரும் முன்பதிவு எண்ணையும் கேளுங்கள். அந்த எண்ணைக் கப்பல் நிறுவனத்துக்கு நீங்களே அனுப்பி, உங்கள் பெயர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். எங்களுக்கு ஒரே நாளில் பதில் வந்தது. ‘பதிவு எண் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் வரும் சார்’ என்று ஏஜென்ட் சொன்னால் பாக்கியைக் கட்டாதீர்கள்.