டம்மி மூடியா, ராக்கரா, டாகிளா, டச் பேனலா: காருக்குள் கூடுதல் சுவிட்ச் எதை வைப்பது?

கூடுதல் விளக்கு, காற்றடிக்கும் கம்ப்ரஸர், குளிர்பெட்டி என்று காரில் எதைச் சேர்த்தாலும் அதற்கு ஒரு சுவிட்ச் வேண்டும். எந்தச் சுவிட்ச் என்று தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அதன் மேல் பொறித்திருக்கும் ஆம்பியர் எண்ணைத்தான். 20 ஆம்பியர் தாங்கும் டாகிள் (குமிழை மேலும் கீழும் தள்ளும் சுவிட்ச்) உசத்தி, 3 ஆம்பியர் புஷ் சுவிட்ச் வெறும் பொம்மை என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தப் போட்டியில் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை.

55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 110 வாட். 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குச் சற்று மேல். போட்ட அந்தக் கணத்தில் குளிர்ந்திருக்கும் இழை இதைப்போலப் பல மடங்கு இழுக்கும். இவ்வளவையும் தடித்த ஒயரில் டேஷ்போர்டு வரை கொண்டுவந்து மீண்டும் முன்பக்கம் அனுப்புவது வீண் வேலை. வழியில் வோல்ட்டேஜ் குறையும், சுவிட்சின் முனைகள் சூடாகும். இன்ஜின் அறையில் ஒரு ரிலேயை, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு அணைக்கும் மின்காந்தச் சுவிட்சை, வைத்தால் கதை முடிந்தது. அதன் அடியில் 30, 87, 85, 86 என்று எண்கள் இருக்கும். ஃபியூஸ் வழியாக பேட்டரியிலிருந்து வரும் ஒயர் 30-க்கு, விளக்குக்குப் போவது 87-க்கு. மீதி இரண்டும் ரிலேயின் சுருளுக்கு; டேஷ்போர்டு சுவிட்ச் இயக்குவது இந்தச் சுருளை மட்டும்தான், அது கேட்பது சுமார் 0.2 ஆம்பியர் மட்டுமே. நடுவில் 87a என்று ஐந்தாவது முனை இருந்தால் அதைத் தொட வேண்டாம். அதில் இணைத்தால் சுவிட்சை அணைக்கும்போதுதான் விளக்கு எரியும்.

0.2 ஆம்பியரை டம்மி மூடியின் இடத்தில் வரும் புஷ் சுவிட்ச், டாகிள், ராக்கர், டச் பேனல் என நான்கு வகையும் அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். ஆகவே துளை, விரல், இரவு, பழுது ஆகிய நான்கை வைத்துத்தான் இவற்றை எடைபோட வேண்டும்.

துளை என்று வந்தால் டம்மி மூடிக்குப் போட்டியே கிடையாது. கார் தயாரிப்பாளரே காலியாக விட்ட இடத்தில் மூடியைக் கழற்றிவிட்டு, அதே அளவில் வரும் புஷ் சுவிட்சை அழுத்தினால் போதும். எதையும் வெட்ட வேண்டாம், பார்ப்பவர்களுக்குக் கம்பெனி வேலை போலவே தெரியும். ஆனால் அந்த இடம் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலை ஒட்டி இருக்கும். பக்கத்தில் அதே உருவில் இன்னும் மூன்று பொத்தான்கள் இருந்தால் விரலுக்கு எது எது என்று தெரியாது.

டாகிளுக்கு 12 மில்லிமீட்டர் வட்டத் துளை ஒன்று போட்டால் வேலை முடிந்தது. பார்க்காமலே இயக்க இதைவிடச் சிறந்தது இல்லை. குமிழ் மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்பதை விரல்நுனியே சொல்லிவிடும். இதன் குறையும் அந்தக் குமிழ்தான். விபத்தில் முழங்கால் போய் மோதும் இடத்தில் உலோகக் கம்பி நீட்டிக்கொண்டிருப்பது நல்லதல்ல. கன்சோலின் பக்கவாட்டிலோ தலைக்கு மேலோ வையுங்கள். சிவப்பு மூடி போட்ட, விமானத்தில் இருப்பதுபோன்ற டாகிள் பெரும்பாலும் அழகுக்குத்தான். தவறிப்போய் இயங்கக்கூடாத கருவி ஏதாவது இருந்தால் மட்டும் அதற்கு அர்த்தம் உண்டு.

ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் எழும் ராக்கர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பரவலாகக் கிடைக்கும் வகைக்குச் செவ்வகத் துளை ஏறக்குறைய 37-க்கு 21 மில்லிமீட்டர். அரம் வைத்து மெதுவாகத் தேய்த்துத்தான் இதைச் சரிசெய்ய வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனால் சுவிட்ச் ஆடும். டேஷ்போர்டின் உடலில் கை வைக்காமல், கழற்றி மாற்றக்கூடிய சின்னப் பலகையில் வெட்டுவது புத்திசாலித்தனம். சாய்ந்திருக்கும் பக்கத்தை விரல் உணரும், படம் பொறித்த மேல்மூடியை மாற்றிக்கொள்ளலாம்.

இரவு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நல்ல ராக்கரில் இரண்டு எல்இடி இருக்கும். ஒன்று படத்தை ஒளிரவைக்க, மற்றொன்று சுவிட்ச் போட்டிருப்பதைக் காட்ட. முதலாவதை டேஷ்போர்டு விளக்கின் ஒயரில் இணைத்தால் மற்றப் பொத்தான்களோடு சேர்ந்து எரியும். நேராக 12 வோல்ட்டில் இணைத்துவிட்டால், குறிப்பாக நீல எல்இடியானால், பக்கக் கண்ணாடியில் அதன் பிம்பம் விழுந்து வெளியே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியை மறைக்கும். பச்சையோ ஆம்பர் நிறமோ கண்ணை உறுத்தாது. சாதாரண டாகிளில் விளக்கே இருக்காது, அந்தத் தொல்லையும் இல்லை.

டச் பேனலின் கவர்ச்சி புரிகிறது. ஆறோ எட்டோ பொத்தான்கள், ஃபயர்வால் (இன்ஜின் அறையையும் காரின் உட்புறத்தையும் பிரிக்கும் தடுப்பு) வழியாக ஒரே மெல்லிய கேபிள், ரிலேயும் ஃபியூஸும் அடங்கிய பெட்டி ஒன்று. ஒயரிங் வேலை உண்மையிலேயே பாதியாகும். ஆனால் தட்டையான பரப்பில் விரலுக்கு வேலையில்லை; ஒவ்வொரு முறையும் சாலையிலிருந்து கண்ணை எடுத்தாக வேண்டும். பெட்டி எப்போதும் மின்சாரம் வரும் ஒயரில் இருந்தால், நிறுத்திவைத்த காரிலும் பேட்டரியைச் சிறிது சிறிதாக உறிஞ்சும். இக்னிஷன் போட்டால் மட்டும் உயிர்பெறும்படி இணைப்பது நல்லது. பெட்டி செத்தால் எல்லாமே ஒன்றாகச் செத்துவிடும். தனி ரிலே பழுதானால், அதே வகை ரிலே காரிலேயே வேறு வேலையில் இருந்தால் அதைக் கழற்றி மாட்டிக்கொண்டு போய்விடலாம்.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு விஷயங்களில் சமரசம் கூடாது. பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயரில் ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வேண்டும். அது காப்பது விளக்கை அல்ல, ஒயரை. மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ உள்ள ஒயர் ஏர்பேக்கினுடையது. அதில் டெஸ்ட் விளக்கைக் குத்திப் பார்க்கவே கூடாது.

ஒன்றிரண்டு கருவிகள்தான் என்றால் டம்மி மூடியின் இடமே போதும். மூன்று நான்கு என்றால் ராக்கர். ஆறுக்கு மேல் போனால் டச் பேனல் தவிர்க்க முடியாதது. அப்போதும் குளிர்பெட்டி, கம்ப்ரஸர் போன்ற நின்ற நிலையில் பயன்படுபவற்றை மட்டும் அதில் விட்டுவிட்டு, ஓட்டும்போது போட்டு அணைக்கும் விளக்குக்குத் தனியாக ஒரு ராக்கர் வைப்பேன்.