சைக்கிள் அணி விளையாட்டில் காசு கட்ட முன் இதை வாசியுங்கள்

போனில் சைக்கிள் அணி நடத்தும் விளையாட்டு ஒன்று கிளிநொச்சி, பரந்தன் பக்கத்துப் பெடியங்களிடம் பரவியிருக்கிறது. ஓட்டுநர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, டூர் டி பிரான்ஸ் மாதிரி 21 கட்டப் போட்டியில் இறக்க வேண்டும். விளையாட்டு நல்லதுதான். காசு கட்டி ஓட்டுநரின் திறனைக் கூட்டுகிற இடத்தில்தான் என் தம்பியை ஏமாற்றினார்கள்.

இப்படியான போட்டிகள் பெரும்பாலும் மலையில்தான் தீர்மானமாகும். அதனால் எல்லாருக்கும் நல்ல மலையேறி ஒருவன் வேண்டும். தம்பியும் ஒரு இளம் ஓட்டுநரை எடுத்து, அவனுடைய மலையேற்ற எண்ணை 80க்குக் கொண்டுவரப் பார்த்தான். சிறப்புப் பயிற்சி ஒன்றுக்கு 120 நாணயம். விற்பதோ 100 நாணயப் பொதி. ஆக, ஒரு பயிற்சிக்கே இரண்டு பொதி வாங்க வேண்டும். ரீலோட் மீதியிலிருந்தே காசு கழிந்தது.

முதலில் எண் ஏறியது. 76இல் வந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் பொத்தான் பச்சையாகவே இருந்தது, நாணயமும் கழிந்துகொண்டே இருந்தது. விளையாட்டை நடத்துபவர்களிடம் எழுதிக் கேட்டபோதுதான், ஒவ்வொரு ஓட்டுநருக்கும் மறைவான உச்ச எல்லை ஒன்று உண்டு, அதைத் தாண்டிய பயிற்சிக்கு நாணயம் திரும்பாது என்று பதில் வந்தது. தேடிப் பார்த்தால், நீளமான ஆங்கில உதவிப் பக்கத்தின் அடியில் அது இருக்கிறது. காசு கொடுத்து ஏற்றிய புள்ளிகளில் ஒரு பங்கு பருவ முடிவில் குறையும் என்பதும், ஓட்டுநரை விற்றால் பழைய திறனுக்குத்தான் விலை என்பதும் அங்கேயே இருக்கின்றன. பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

எல்லை இருப்பதில் எனக்குக் குறை இல்லை. உண்மையான ஓட்டத்திலும், கடைசி 200 மீற்றரில் பாயும் கனத்த உடம்புக்காரன் எவ்வளவு பயிற்சி செய்தாலும் ஆல்ப்ஸில் மெலிந்த மலையேறியோடு நிற்க மாட்டான். ஆனால் எல்லைக்கு வந்துவிட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்த பிறகும் காசு வாங்குவது களவுதான்.

கடைசியாகக் கட்டிய தொகை மட்டும் கூகுள் பிளேயில் கேட்டதும் திரும்பக் கிடைத்தது, 48 மணித்தியாலத்துக்குள் கேட்டபடியால். மற்றதற்கெல்லாம் விளையாட்டு நடத்துபவர்களிடமே கேட்கச் சொன்னார்கள். அங்கிருந்து அதே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது.

விளையாடுகிற தம்பிமார், இலவசமாகக் கிடைக்கும் நாணயத்தில் முதலில் பயிற்சி கொடுத்துப் பாருங்கள். எண் அசையாவிட்டால் அந்த ஓட்டுநருக்கு ஒரு சதமும் போடாதீர்கள். பருவம் முடிய எத்தனை புள்ளி மிஞ்சும் என்று எழுத்தில் கேட்டு, பதிலைப் படம் பிடித்து வையுங்கள். GPA என்று தொடங்கும் கொள்வனவு எண் வரும் மின்னஞ்சலை அழிக்க வேண்டாம், காசைத் திரும்பக் கேட்க அது தேவை.

பிள்ளைகளின் கையில் போன் கொடுக்கும் பெற்றோர், பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றி வையுங்கள். ரீலோட் மீதியிலிருந்து கழிக்கும் முறையையும் அங்கேயே நீக்கலாம். தம்பியின் போனில் நீக்கிவிட்டோம்.

உங்களில் யாருக்காவது இப்படி எண் நின்றபிறகும் நாணயம் கழிந்திருந்தால், எந்த எண்ணில் நின்றது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து அவர்களுக்கு இன்னொரு முறை அனுப்பப் போகிறேன்.