பண்டிகை வழியே பிரெஞ்சு: ஒரு மாடி வகுப்பில் ஓராண்டு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டின் முதல் மாடியில், 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு காலைகளில் பிரெஞ்சு சொல்லித்தரும் சிறிய வகுப்பு ஒன்றில் சென்ற ஜூன் மாதம் என் மகளைச் சேர்த்தேன். ஓராண்டு முடிந்து மறுபடியும் கட்டணம் கட்டும் வேளை வந்துவிட்டது. பிள்ளையை அங்கே சேர்க்கலாமா என்று அக்கம்பக்கத்தில் பலரும் கேட்பதால் இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் வகுப்பின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இங்கே இலக்கணப் புத்தகம் கிடையாது. பிரான்சில் ஆண்டு முழுவதும் வீடுகளில் எந்தெந்த நாள்களைக் கொண்டாடுகிறார்களோ அவைதான் பாடத்திட்டம். அந்தந்த நாள் வரும் வாரத்தில் அதைப் பிள்ளைகளே செய்து பார்க்கிறார்கள். அதற்கு வேண்டிய சொற்கள் மட்டும் அன்று கற்பிக்கப்படுகின்றன. விளையாட்டுக் காட்டிக் காசு வாங்குகிறார்கள் என்றுதான் தொடக்கத்தில் நினைத்தேன். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோரும் வரலாம் என்று அழைத்திருந்தார்கள். அன்று என் எண்ணம் மாறியது.

ஜனவரி 6 மூவரசர் திருவிழா. அதையொட்டிப் பிரெஞ்சு வீடுகளில் ‘கலெத் தே ருவா’ என்ற வட்டமான பலகாரத்தை வெட்டுவார்கள். முட்டை பப்ஸின் மேலோடு போல அடுக்கடுக்காக உதிரும் மாவுக்குள் பாதாமும் வெண்ணெயும் சேர்த்து அரைத்த விழுதை வைத்துச் சுட்டிருப்பார்கள். உள்ளே எங்கோ ஓரிடத்தில் ‘ஃபேவ்’ என்னும் சிறு பீங்கான் பொம்மை ஒளிந்திருக்கும். முற்காலத்தில் பொம்மைக்குப் பதிலாக அவரை இனத்து விதை ஒன்றை வைத்தார்கள். அந்த விதையின் பெயர்தான் பொம்மைக்கும் நிலைத்துவிட்டது. கூட்டத்தில் இளையவர் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ள, பெரியவர் ஒருவர் துண்டைக் கையில் எடுத்து ‘ஸெ பூர் கீ?’, அதாவது ‘இது யாருக்கு?’ என்று கேட்பார். எந்தத் துண்டு என்று பார்க்க முடியாத பிள்ளை ஒரு பெயரைச் சொல்லும். துண்டு அவருக்குப் போகும். பாரபட்சத்துக்கு இடமே இல்லாத பங்கீடு.

அன்று வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். மேசைக்கடியில் இருந்த ஆறு வயதுப் பையன் முதல் துண்டுக்கு வெறும் பெயரை மட்டும் சொன்னான். ஆசிரியை ‘ஸெ பூர்’ என்று எடுத்துக் கொடுத்தார். ஐந்தாவது துண்டுக்குப் பிறகு அந்தத் துணையும் அவனுக்குத் தேவைப்படவில்லை. கடைசித் துண்டை அடைவதற்குள் அறையில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் அவனோடு சேர்ந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொம்மை யாருக்குக் கிடைக்கிறதோ அவர் ‘ஜெ லா ஃபேவ்’, அதாவது ‘ஃபேவ் என்னிடம் இருக்கிறது’ என்று கூவ வேண்டும். பிறகு காகித முடியைச் சூடிக்கொண்டு ‘நான் ராஜா’ அல்லது ‘நான் ராணி’ என்று அறிவிக்க வேண்டும். ‘என்னிடம் இருக்கிறது’, ‘நான் இருக்கிறேன்’ என இரண்டுக்கும் நமக்கு ‘இரு’ என்ற ஒரே வினை போதும். பிரெஞ்சில் அவை இரண்டு தனித்தனி வினைகள். வயதைக்கூட அவர்கள் ‘எட்டு ஆண்டுகளை வைத்திருக்கிறேன்’ என்றுதான் சொல்வார்கள். கல்லூரியில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்த நான் இரண்டு ஆண்டுகள் குழப்பிக்கொண்ட அந்த வேறுபாட்டை, ஒரு பலகாரம் முக்கால் மணி நேரத்தில் இவர்களுக்குப் புரியவைத்துவிட்டது.

பொம்மை கிடைத்தது என் மகளுக்குத்தான். மெதுவாகக் கடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவள் நறுக்கென்று கடித்ததில், ஆடிக்கொண்டிருந்த முன்பல் கையோடு வந்துவிட்டது. முன்கூட்டியே எச்சரிக்காதது வகுப்பின் தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அழத் தொடங்கியவளை அருகில் இழுத்து உட்கார வைத்த ஆசிரியை, பிரான்சில் விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தால் இரவில் ஒரு சுண்டெலி வந்து அதை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும் என்று சொன்ன விதம் அழகாக இருந்தது. ‘பெதீத் சூரி’ என்ற அந்தச் சுண்டெலியின் பெயரை அவள் வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் இருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டில் அவளுடைய ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. பல்லைக் கூரைமேல்தான் எறிய வேண்டும், இல்லையேல் புதுப்பல் நேராக முளைக்காது என்று நின்றார். பல் மாடிக்குப் போயிற்று. ஐந்து ரூபாய் நாணயம் எப்படியோ தலையணைக்கடியில் வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு நாளும் இப்படி அமைந்துவிடவில்லை. பிப்ரவரி 2 அன்று வரும் ‘ஷான்ட்லேர்’ நாளில், ஒரு கையில் நாணயத்தைப் பிடித்தபடி மறுகையால் ‘க்ரெப்’ என்ற மெல்லிய மைதா தோசையைக் கல்லிலிருந்து மேலே தூக்கிப் போட்டுத் திருப்ப வேண்டும். கீழே விழாமல் திருப்பினால் அந்த ஆண்டு வீட்டில் காசு தங்கும் என்பது நம்பிக்கை. அந்த மாவில் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த வகுப்பில் இருப்பது ஜனவரியிலேயே தெரிந்திருந்தும், அவர்களுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் இல்லை. இருவரும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஏப்ரல் முதல் நாளுக்கு யாரும் குறை சொல்ல முடியாது. காகிதத்தில் மீன் வெட்டி, தெரியாமல் ஒருவர் முதுகில் ஒட்டிவிட்டு ‘புவாஸோன் தாவ்ரில்’ என்று கத்துவது அன்றைய வழக்கம். என் மாமனார் முதுகில் மீனோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போய், மீன் விற்கும் பெண்கள் “ஒரு மீனு போதுமா தாத்தா?” என்று கேட்ட பிறகே விஷயம் தெரிந்து திரும்பினார்.

என் பெரிய மனக்குறை குடும்ப மரப் பாடத்தில்தான். மாமா, சித்தப்பா, பெரியப்பா மூவரும் பிரெஞ்சில் ‘ஓன்க்ல்’, செல்லமாக ‘தோன்தோன்’. அத்தை, சித்தி, பெரியம்மா மூவரும் ‘தான்த்’. அதுவரை சிரமமில்லை. பெரியப்பா மகளை ‘அக்கா’ என்றே அறிந்திருந்த என் மகளை, அந்தப் பெட்டியில் ‘கூஸின்’ என்று எழுதச் சொன்னபோது அவள் மறுத்துவிட்டாள். அது தவறு என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தார்கள். ‘அம்மா வழி’, ‘அப்பா வழி’ என்று பிரித்துச் சொல்லப் பிரெஞ்சிலும் வழி உண்டு. அதைக் கற்றுக்கொடுத்து, தமிழ் உறவுமுறை ஏன் வேறு என்பதையும் ஐந்து நிமிடம் பேசியிருக்கலாம். பிள்ளைகளுக்கு வகுப்பில் மட்டும் வழங்கப்படும் பிரெஞ்சுப் பெயர்களும் எனக்குப் பிடிக்கவில்லை. பிரெஞ்சு நாள்காட்டியில் ஏறக்குறைய ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புனிதரின் பெயர் உண்டு. அன்று அந்தப் பெயருடையவரை வாழ்த்துவார்கள். அதற்காகவே இந்த ஏற்பாடு என்கிறார்கள். சொந்தப் பெயரோடு பிறந்தநாளில் வாழ்த்தினால் போதாதா?

இந்த வகுப்பு எந்த ஊரில் நடக்கிறது என்பதைச் சில சமயம் அதை நடத்துபவர்களே மறந்துவிடுகிறார்கள். ஜூலை 14 பாடத்தில் 1789-இல் மக்கள் பாஸ்தீய் சிறையைக் கைப்பற்றிய கதை வந்தது, 1880-இல் அது தேசிய விழாவான செய்தி வந்தது, மூவர்ணக் காகிதக் கொடியும் வந்தது. ஸ்கூட்டரில் பத்து நிமிடத் தூரத்தில், கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் அதே நாளில் மலர்வளையம் வைக்கிறார்கள் என்பதும், எங்கள் தெருவில் நாங்கள் ‘சொல்தா’ என்று அழைக்கும் ஓய்வுபெற்ற பிரெஞ்சு இராணுவத்தினர் பதக்கங்களோடு அங்கே போய் நிற்பார்கள் என்பதும் வரவில்லை. நவம்பரில் செவ்வந்தியைப் பற்றிச் சொன்னார்கள்: பிரான்சில் அது கல்லறைக்கு எடுத்துப்போகும் பூ, ஆகவே விருந்துக்குப் போகும் வீட்டுக்கு அதைக் கொண்டுபோகக் கூடாது. நல்ல தகவல்தான். ஆனால் நவம்பர் 2 அன்று கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியும் பூவும் எடுத்துப்போன பிள்ளைகள் அந்த வகுப்பிலேயே இருந்தார்கள். அவர்களைப் பேசச் சொல்லவில்லை. என் மகளோ வீட்டுக்கு வந்ததும், நிலைப்படியில் தொங்கிய செவ்வந்திச் சரத்தைக் கழற்றச் சொல்லி அடம்பிடித்தாள்.

கட்டணம் மாதம் 1,800 ரூபாய். பொருள்களுக்குத் தனியே வாங்குகிறார்கள். அதை முதல் நாள் இரவு வாட்ஸ்அப்பில் தெரிவிக்கும் வழக்கத்தை அவர்கள் விட்டாக வேண்டும். எழுத்துப் பயிற்சி மிகக் குறைவு என்பதால், பள்ளியில் பிரெஞ்சு மதிப்பெண் உயர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது பயன்படாது. பத்து வயதை நெருங்கும் பிள்ளைக்கு மேசைக்கடியில் உட்காரக் கூச்சமாக இருக்கும். ஆறு, ஏழு வயதில் சேர்ப்பதே நல்லது.

நான் அடுத்த ஆண்டுக்கும் பணம் கட்டிவிட்டேன். விண்ணப்பத்தில் பிரெஞ்சுப் பெயருக்கான இடத்தில் என் மகள் தன் சொந்தப் பெயரையே எழுதினாள். அலுவலகப் பெண் அதை மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டார். இந்த ஜூலை 14 காலையில் அவளைக் கடற்கரைச் சாலைக்கு நானே அழைத்துப் போகப்போகிறேன்.